வாசகர் கேள்விகள்: பெரியண்ணன் களைத்துவிட்டாரா?

கேள்வி: அமெரிக்கா அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நிஜமாகவே முடிந்ததா?

பதில்: முடியவில்லை. இந்த ஆரூடத்துக்கு வயது அதிகம். 1980களில் ஜப்பான்தான் அடுத்த முதலாளி என்று சத்தியம் செய்யாத குறையாக எழுதினார்கள். 1990களின் நடுவில் உலகப் பொருளாதாரத்தில் ஜப்பானின் பங்கு 17 சதவீதத்தைத் தாண்டியது உண்மைதான், ஆனால் இன்று அது சுமார் 4. அமெரிக்காவின் பங்கு 1960இல் ஏறக்குறைய 40 சதவீதம், 1980இல் கால்வாசி, இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே கால்வாசி. அதாவது பெரிய சரிவு என்று ஒன்று நடந்ததென்றால் அது நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. அதுகூட சரிவு என்று சொல்லலாமா தெரியவில்லை. 1945இல் ஐரோப்பாவும் ஜப்பானும் இடிபாடுகளாகக் கிடந்தபோது உலகத் தொழில் உற்பத்தியில் பாதி அமெரிக்காவிடம் இருந்தது, மற்றவர்கள் எழுந்து நின்றதும் அந்தப் பாதி குறையத்தானே செய்யும்.

இது டாலர் கணக்கு. நாட்டுக்கு நாடு விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டி, வாங்கும் சக்தியில் கணக்கிட்டால் சீனா 2014 வாக்கிலேயே முந்திவிட்டது. யாருக்கு எந்த முடிவு வேண்டுமோ அதற்கேற்ற கணக்கை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் எந்தக் கணக்குப் போட்டாலும் தப்ப முடியாது, அது தொழிற்சாலை வேலை. 1979இல் அமெரிக்காவில் 1 கோடியே 95 லட்சம் பேர் உற்பத்தித் துறையில் வேலை பார்த்தார்கள். 2010 தொடக்கத்தில் அது 1 கோடியே 15 லட்சத்துக்கு வந்துவிட்டது. இடையில் மக்கள்தொகை எட்டுக் கோடிக்கு மேல் கூடியிருக்கிறது.

கேள்வி: அந்த வேலைகளைச் சாப்பிட்டது சீனாவா, மெக்சிகோவா?

பதில்: இருவருக்கும் முன்னால் ஓர் இரும்புப் பெட்டி. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 1956 ஏப்ரலில் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக ஆட்கள் சுமந்து ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆனது. கன்டெய்னரில் 16 சென்ட்தான். கப்பல் கூலி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று ஆனபிறகு கூலி குறைவான ஊரைத் தேடிப்போக முதலாளிக்குத் தடை என்ன இருக்கிறது? அரசியல் தடைகளையும் அமெரிக்க ஆட்சியாளர்களே நீக்கினார்கள். 1994இல் கனடா, மெக்சிகோவுடன் நாஃப்டா என்ற தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர். இரண்டுக்கும் வாஷிங்டனில் இரு கட்சியிலும் ஆதரவு இருந்தது.

ஓர் ஊரைப் பாருங்கள். இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க், முப்பதாயிரம் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர். மேடாக் கம்பெனியின் ஃப்ரிட்ஜ் தொழிற்சாலை அங்கே இருந்தது. மூடப்போகிறோம் என்று 2002 அக்டோபரில் அறிவித்தார்கள், 2004 செப்டம்பரில் மூடினார்கள். சுமார் 1,600 பேர் வேலை இழந்தார்கள். தயாரிப்பு மெக்சிகோவின் ரெய்னோசாவுக்குப் போனது. அந்த வருடம் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஒபாமா பேசிய பேச்சில்கூட இந்தத் தொழிற்சாலை வரும். வேலையை நாடு கடத்தியதால் கம்பெனியாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2006இல் வேர்ல்பூல் அதை வாங்கிவிட்டது. (வேர்ல்பூலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவார்கள்.)

இப்படி எத்தனை ஊர்கள்! ஆட்டோர், டார்ன், ஹான்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்களும் சகாக்களும் போட்ட கணக்கில், சீன இறக்குமதியால் 1999க்கும் 2011க்கும் இடையில் போன வேலைகள் 20 முதல் 24 லட்சம். பாடப்புத்தகப்படி வேலை போனவர் பக்கத்து ஊருக்குப் போய் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். பலர் நகரவில்லை. வீட்டை விற்கலாமென்றால் வாங்க ஆள் இல்லை, வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, போகச் சொன்னால் எங்கே போவார்கள்? இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சியும் உதவித்தொகையும் தர கென்னடி காலத்தில், 1962இல், ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2022 ஜூலையோடு அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், புது விண்ணப்பங்களை ஏற்பதே இல்லை. சீனாவைத் திட்டுகிற கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கேள்வி: ஐபோன் சீனாவில்தானே தயாராகிறது? அப்படியானால் லாபமும் சீனாவுக்குத்தானே?

பதில்: 2009 மாடல் ஐபோனைப் பிரித்துப் போட்டு ஆசிய வளர்ச்சி வங்கி ஆய்வு மையத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு போனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். ஜப்பானின் தோஷிபா கொடுத்த பாகங்கள் சுமார் 59 டாலர், ஜெர்மனியின் இன்ஃபினியான் சுமார் 29, கொரியாவின் சாம்சங் சுமார் 23, இப்படியே போகிறது. எல்லாவற்றையும் கோத்துப் பெட்டியில் போட்ட சீனத் தொழிலாளர்களின் கூலிக் கணக்கு 6.50 டாலர். ஆனால் கப்பல் கிளம்பும்போது வர்த்தகப் புள்ளிவிவரத்தில் முழு 179 டாலரும் சீனாவின் ஏற்றுமதி! கடையில் போன் விற்ற விலைக்கும் இதற்கும் இடைப்பட்ட பெரிய தொகை கலிஃபோர்னியாவுக்குப் போனது. அப்புறம் சீனா மேலே ஏறிவிட்டது, பாகங்களையும் அவர்களே செய்கிறார்கள், அது வேறு. ஆனால் வர்த்தகப் பற்றாக்குறை என்று மேடையில் ஓர் எண்ணைச் சொல்லும்போது அதற்குள் இந்த மாதிரிக் கணக்கு எவ்வளவு இருக்கிறது என்று கொஞ்சம் யோசிப்பது நல்லது.

கேள்வி: ஐ.டி.யில் இருக்கிறேன். அமெரிக்கர்களின் வேலையை நாம் பறித்துவிட்டோம் என்று ஆன்லைனில் திட்டுகிறார்கள். பறித்தோமா?

பதில்: யாரும் போய்ப் பறிக்கவில்லை, கூப்பிட்டுக் கொடுத்தார்கள். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் வந்து உட்கார்ந்தது. 1997இல் ஜி.இ. கேபிடல் தன் பின்னலுவலக வேலைகளைக் குர்கானுக்குக் கொண்டுவந்தது. நடுவில் ஒய்2கே என்ற 2000ஆம் ஆண்டுச் சிக்கல் வந்து சேர்ந்தது: வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் வைத்து கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல்களை வரி வரியாகத் திருத்த ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும், அந்த ஆட்கள் நம்மிடம் இருந்தார்கள். 2004இல் அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் கிரெகரி மேன்கியூ, அவுட்சோர்சிங் என்பது வர்த்தகத்தின் இன்னொரு வடிவம்தான், நீண்ட காலத்தில் நல்லதுதான் என்று சொல்லப்போக, சொந்தக் கட்சி சபாநாயகரே அவர்மேல் பாய்ந்தார். தேர்தல் வருடத்தில் பேசுகிற பேச்சா அது!

2025 செப்டம்பரில் புதிய எச்1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள். ஆளை வரவிடாவிட்டால் வேலை ஆளைத் தேடிப் போகும், அது ஏற்கெனவே போய்க்கொண்டும் இருக்கிறது. 2024 கணக்குப்படி வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் சொந்தமாக நடத்தும் திறன் மையங்கள் 1,700ஐத் தாண்டிவிட்டன, அவற்றில் வேலை பார்ப்பவர்கள் சுமார் 19 லட்சம். ஆனால் கூலி மலிவு என்பதற்காக வந்த வேலைக்கு நம்மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. இயந்திரம் இன்னும் மலிவாகச் செய்தால் அது அங்கே போய்விடும். கேல்ஸ்பர்க்காரர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம்.

கேள்வி: டிரம்ப் போடும் இறக்குமதி வரியால் தொழிற்சாலைகள் திரும்பி வருமா?

பதில்: கொஞ்சம் வரும், பில் பெரிதாக இருக்கும். 2018இல் வாஷிங் மெஷினுக்கு வரி போட்டார்கள். கேட்டு வாங்கியது வேர்ல்பூல், சொன்னேனே, அதே வேர்ல்பூல்தான். அமெரிக்க மத்திய வங்கி மற்றும் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறகு கணக்குப் பார்த்தார்கள். வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே இல்லாத டிரையர் விலையும் கூடவே ஏறியது, இரண்டையும் ஜோடியாகத்தானே வாங்குகிறார்கள், கடைக்காரர் சும்மா இருப்பாரா? சுமார் 1,800 வேலைகள் கிடைத்தன. மக்கள் கூடுதலாகக் கொடுத்த காசை வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தை அந்த 1,800 பேர் கையில் நேராகக் கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்.

கேள்வி: பிரிக்ஸ் நாணயம் வந்தால் டாலர் காலி என்கிறார்களே?

பதில்: பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா உள்ளிட்ட அந்த பிரிக்ஸ் கூட்டமைப்புக்கு அப்படி ஒரு நாணயம் இதுவரை இல்லை. இந்தியாவும் சீனாவும் ஒரே நாணயத்துக்கு ஒப்புக்கொள்ளும் நாளை நீங்கள் கற்பனை செய்துகொள்ளுங்கள், நான் வரவில்லை.

டாலர் தேய்வது மட்டும் உண்மை. உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் 2000 வாக்கில் 71 சதவீதம் டாலர், 2024இல் சுமார் 58. ஆனால் சீன யுவான் 2 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. 2022இல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியதும் மற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அதன்பிறகு 2022, 2023, 2024 மூன்று வருடமும் மத்திய வங்கிகள் வருடத்துக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. பவுண்டு கதையும் இப்படி மெதுவாகத்தான் போனது. 1900க்கு முன்பே அமெரிக்கப் பொருளாதாரம் பிரிட்டனைத் தாண்டிவிட்டது, ஆனால் பவுண்டு முழுசாக இறங்க இரண்டு உலகப் போர்கள் ஆனது. 1956இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்துக்குள் படை அனுப்பியபோது, அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பவுண்டின் கழுத்தைப் பிடித்ததும் பிரிட்டன் படையைத் திருப்பிக்கொண்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டாலரின் பலமும் தொழிற்சாலைகளின் மூடலும் ஒரே கதை. உலகத்துக்கே டாலர் வேண்டும் என்றால், அமெரிக்கா பொருளை வாங்கி டாலரை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் டாலரைத் தேடி வருவதால் அதன் மதிப்பு ஏறும், அமெரிக்கச் சரக்கு வெளியில் விலைபோகாது. 1980களின் முதல் பாதியில் டாலர் தாறுமாறாக ஏறி, மிச்சமிருந்த தொழிற்சாலைகள் கதறியதால்தான் 1985இல் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் நான்கு நாடுகளைக் கூப்பிட்டு வைத்து அதை இறக்கினார்கள். ஆக, டாலர் ராஜாவாக இருக்கவும் வேண்டும், எல்லாப் பொருளும் உள்நாட்டிலேயே தயாராகவும் வேண்டும் என்று கேட்பவர், ஒன்றை விட்டால்தான் மற்றது கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் ஓட்டு கேட்கிறார். இத்தனை வருடம் ராஜாவாக இருந்த லாபம் வால் ஸ்ட்ரீட்டுக்கு, செலவு கேல்ஸ்பர்க்குக்கு.

கேள்வி: அமெரிக்கா விழுந்தால் நாம் சந்தோஷப்படலாமா?

பதில்: 2008இல் அங்கே வீட்டுக்கடன் கவிழ்ந்தபோது இங்கே கேம்பஸில் வேலை உறுதி கிடைத்தவர்களுக்கு அழைப்புக் கடிதம் வரவில்லை. அவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: நிஜமான சரிவு வந்தால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

பதில்: பங்குச் சந்தையைப் பார்க்காதீர்கள், கடன் பத்திரத்தைப் பாருங்கள். உலகில் எங்கே பிரச்சினை வந்தாலும், அமெரிக்காவே கிளப்பிய பிரச்சினையாக இருந்தாலும், பணம் ஓடிப் போய் ஒளிவது அமெரிக்கக் கடன் பத்திரத்தில்தான். 2011 ஆகஸ்டில் எஸ்&பி என்ற தர நிர்ணய நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தைக் குறைத்தபோதுகூட எல்லோரும் பயந்துபோய் அதே அமெரிக்கப் பத்திரத்தைத்தான் வாங்கினார்கள்! 2025 ஏப்ரலில் டிரம்ப் எல்லா நாட்டுக்கும் வரி அறிவித்த அடுத்த நாட்களில் பங்கு, பத்திரம், டாலர் மூன்றும் சேர்ந்து இறங்கின. ஒரே வாரத்தில், ஏப்ரல் 9ஆம் தேதி, பெரும்பாலான வரிகளை 90 நாளுக்கு நிறுத்திவைத்தார். பத்திரச் சந்தைக்காரர்கள் கொஞ்சம் பதறிவிட்டார்கள் என்று அவரே சொன்னார். அமெரிக்க அரசு 2024இல் ராணுவத்துக்குச் செலவழித்ததைவிட வட்டிக்குக் கட்டியது அதிகம். பத்திரத்தை விற்றுவிட்டு ஓடினால் அதன் விலை இறங்கும், வட்டி விகிதம் ஏறும். பத்து வருடப் பத்திரத்தின் வட்டி விகிதம் தினமும் வெளியாகிறது, இலவசமாகவே பார்க்கலாம்.