“ஒரு பீர்தான், மெதுவாத்தான் ஓட்டுவேன்”

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. சனிக்கிழமை ராத்திரி வேலூரில் நண்பர்களோடு ஒரு பீர் குடித்து, கஞ்சாவும் புகைக்கிறான். இரண்டு மணி நேரம் கழித்து பைக்கில் ஆம்பூர் திரும்புகிறான். கேட்டால், “கஞ்சா அடிச்சா மெதுவாத்தான்க்கா ஓட்டுவேன்” என்கிறான். உண்மையா?

பதில்: பாதி உண்மை. கஞ்சா மட்டும் புகைத்தவர்கள் பலருக்குத் தாங்கள் போதையில் இருப்பது தெரியும். வேகத்தைக் குறைப்பார்கள், முன்வண்டிக்கு இடைவெளி விடுவார்கள். அப்போதும் வண்டி நேராகப் போகாமல் அலையும். மது சேர்ந்தால் அந்த எச்சரிக்கை கழன்றுவிடும், அலைவது மட்டும் மிஞ்சும். போதாததற்கு, குடித்திருக்கையில் புகைத்தால் கஞ்சாவின் போதைச் சத்தான டி.எச்.சி. ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. 1990களில் நெதர்லாந்துச் சாலைகளில் நடந்த சோதனைகளில், 100 மி.லி. ரத்தத்தில் 40 மி.கி. மதுவோடு சிறிது கஞ்சா சேர்ந்ததும் ஓட்டும் திறன் 90 மி.கி. ஏறியவர் அளவுக்குக் கெட்டது. கஞ்சாவைக் கூட்டியபோது 140 மி.கி. அளவுக்குப் போனது.

அந்த “ஒரு பீர்” என்ன பீர் என்று கேளுங்கள். 650 மி.லி. பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் அதில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். 60 கிலோ ஆணுக்கு 100 மி.லி. ரத்தத்தில் ஏறத்தாழ 100 மி.கி. வரும், சட்ட வரம்பு 30. உடல் மணிக்கு 15 மி.கி. போலத்தான் கழிக்கும். இரண்டு மணி நேரத்தில் 70-க்கு இறங்கியிருக்கும், அவ்வளவுதான். முழுதும் தீர ஏறக்குறைய ஏழு மணி நேரம். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் அதை விரட்டாது. புகைத்த கஞ்சாவின் பாதிப்பும் நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். தின்றால் ஏறவே ஒன்றிரண்டு மணி ஆகலாம். “ஒண்ணும் ஆகலையே” என்று கிளம்பியவருக்கு நடுவழியில் ஏறும்.

காலியான சாலையில் நன்றாக ஓட்டுவதாகவே தோன்றும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பிரேக்குக்கு அரை நொடி பிந்தினால் 8 மீட்டர் போய்விடும். பெங்களூரு நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் ஓரம் நிற்கும் லாரி, சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென நுழையும் வண்டி என இரண்டை ஒருசேரக் கவனிக்க வேண்டிய இடத்தில்தான் கை தவறும்.

ஊதச் சொல்லும் கருவி கஞ்சாவைக் காட்டாது என்ற தைரியம் வேண்டாம், மாட்டிக்கொள்ள பீரே போதும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. கஞ்சா வழக்கு தனி.

குடிக்க உட்காரும் முன்பே சாவியைக் குடிக்காதவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி அங்கேயே தங்கட்டும். இரண்டும் சேர்ந்தால் மறுநாள் மதியம் வரை வண்டியைத் தொடக் கூடாது. பைக்கில் பின்னால் உட்காருவதும் ஆபத்து, தலைசுற்றிச் சாய்ந்துவிடுவார். எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். எதை எதைச் சேர்த்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.