வணிகவியல் பட்டதாரி விளையாட்டு மேலாண்மைப் பேராசிரியராக முடியுமா?
வணக்கம். வணிகவியல் பட்டத்துடன் கூடைப்பந்துப் பயிற்சி அளித்துவரும் தாங்கள், விளையாட்டு மேலாண்மையில் பேராசிரியராவதற்கு அது தடையாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடையாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியலும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் உடற்கல்வியும் பயின்ற விளையாட்டு மேலாண்மைப் பேராசிரியர் பாக்கியநாதன் செல்லதுரை, கூடைப்பந்துடன் நெருங்கிப் பழகியவர்; பின்னர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பயிற்சியாளரின் நடத்தை, சூழல் கோருவதோடும் வீரர்கள் விரும்புவதோடும் பொருந்தும் அளவுக்கே அணியின் ஆட்டத்திறனும் மனநிறைவும் உயரும் என்ற அவரது தலைமைத்துவக் கோட்பாடும், பயிற்சியாளரின் தலைமைத்துவத்தை அளவிட 1980இல் சாலே என்ற ஆய்வாளருடன் இணைந்து வெளியிட்ட அளவுகோலும் இத்துறையில் பரவலாகப் பயன்படுகின்றன. கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அவர் கற்பித்தார்.

ஆகவே, முதுநிலையில் மேலாண்மையைத் தேர்ந்தெடுத்து, தாங்கள் மைதானத்தில் காணும் சிக்கல் ஒன்றையே முனைவர் ஆய்வுக்குரிய கேள்வியாக்குங்கள். பதக்கப் பட்டியலைவிட (அதுவும் வீண்போகாது) அதுவே தங்களுக்குக் கூடுதலாக உதவும் என்பது என் கருத்து.