இறக்கின காருல மிதிச்சா வர்ற அதிர்வு

ப்ரோ, காரோட சஸ்பென்ஷனை 40 மிமீ இறக்கின பிறகு 80 கிமீ ஸ்பீடுக்கு மேல ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா மட்டும் சீட்டுக்கு அடியில அதிருது, காலை எடுத்தா போயிடுதுன்னு சொல்றீங்க, அப்போ வீல் பேலன்ஸ் மேல சந்தேகம் குறைவுதான், ஏன்னா அது மிதிச்சாலும் விட்டாலும் அந்த ஸ்பீடுல இருந்துட்டே இருக்கும்.

காலி ரோடுல அதே ஸ்பீடுல நியூட்ரல் போட்டு உருள விட்டுப் பாருங்க. அப்பவும் அதிர்ந்தா டயர், ஹப் (வீல் மாட்டுற நடுப்பகுதி), ப்ராப்ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின்பக்கம் போற நீளத் தண்டு) இதுல ஏதாவது ஒண்ணோட பேலன்ஸ் பிரச்சனை. ப்ராப்ஷாஃப்ட் வீலை விட மூணு நாலு மடங்கு வேகமா சுத்தும், அதனால அதோட அதிர்வு ரீங்காரம் மாதிரி பொடிசா வரும்.

லோடுல, அதாவது மிதிக்கும்போது மட்டும் வந்தா பெரும்பாலும் ஷாஃப்ட் ஆங்கிள் பிரச்சனைதான். இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. பின்னாடி இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன்னா (ரெண்டு வீலும் தனித்தனியா ஏறி இறங்கும்) டிஃபரன்ஷியல், அதாவது சக்தியை ரெண்டு வீலுக்கும் பிரிக்கிற கியர் பெட்டி, பாடிக்கு அடியில இருக்கிற சப்ஃப்ரேம்லயே இருக்கு, இறக்கினாலும் ப்ராப்ஷாஃப்ட் ஆங்கிள் மாறாது, மாறுறது டிஃபரன்ஷியல்ல இருந்து வீலுக்குப் போற ஆக்ஸில் ஷாஃப்ட் ஆங்கிள், அதனால அந்த ஷாஃப்டோட உள்பக்க சிவி ஜாயின்ட்ல (வளைஞ்சுகிட்டே சுத்துற மூட்டு) ஆட்டம் இருக்கான்னு பாருங்க, தேய்ஞ்ச ஜாயின்ட் பழைய உயரத்துல சும்மா இருந்துட்டு புது ஆங்கிள்ல காட்டிக் கொடுத்துடும். லைவ் ஆக்ஸில்னா (ரெண்டு பின் வீலும் ஒரே கெட்டி ஆக்ஸில்ல இருக்கும்) பினியன், அதாவது ப்ராப்ஷாஃப்ட் வந்து சேர்ற டிஃபரன்ஷியல் கியர் தண்டு, அதோட ஆங்கிள் அளந்தே ஆகணும், கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பினியனும் ஒண்ணுக்கொண்ணு பேரலலா இருக்கணும், ப்ராப்ஷாஃப்ட் ஜாயின்ட் ஆங்கிள் 3 டிகிரிக்குள்ள இருந்தா நல்லது. எல்லாமே வண்டி டயர்ல நிக்கும்போதுதான் அளக்கணும், ஜாக்கில தொங்கும்போது அளந்தா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல.

காயில்ஓவர்னா (உயரத்தை ஏத்தி இறக்க முடியுற ஸ்பிரிங்-ஷாக் செட்) எதையும் மாத்துறதுக்கு முன்னாடி 15 மிமீ ஏத்தி ஓட்டிப் பாருங்க. அதிர்வு குறைஞ்சா ஆங்கிள்தான்.