‘அ’வில் தொடங்கி ‘ஔ’வில் முடியும் 12 நாள்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்பில் 32 குழந்தைகள். தேர்வு முடிந்துவிட்டது; விடுமுறைக்கு இன்னும் 12 வேலை நாள்கள் இருக்கின்றன. போன வருஷம் இதே நேரத்தில் மூன்றாவது நாளே வகுப்பு கைமீறிப் போய்விட்டது. கடைசி நாள் விழாவில் விருது கிடைக்காத குழந்தைகள் அழுதபடி வீட்டுக்குப் போனார்கள். அதிகச் செலவில்லாமல், ஒருவரும் விடுபடாமல் இந்த நாள்களை எப்படி நடத்துவது?

பதில்: வகுப்பு கைமீறுவதற்குக் காரணம் குழந்தைகளின் உற்சாகம் அல்ல, கால அட்டவணை ஒரே நாளில் காணாமல் போவதுதான். ‘அடுத்து என்ன’ என்று தெரிந்திருந்த குழந்தைக்குத் திடீரென்று அது தெரியாமல் போகிறது. அந்த இடைவெளியைச் சத்தம் நிரப்புகிறது. எனவே முதல் வேலையாக, காலை வருகைப் பதிவு, வாசிப்பு நேரம், கணக்குப் பயிற்சி மூன்றையும் கடைசிக்கு முந்தைய நாள் வரை அப்படியே வைத்திருங்கள். புதிய பாடம் வேண்டாம், பழைய ஒழுங்கு வேண்டும். கொண்டாட்டத்துக்கு தினமும் ஒரு மணி நேரம், அதுவும் தினமும் ஒரே நேரத்தில் போதும். சுவரிலிருக்கும் சார்ட்டுகளையும் முதல் வாரத்திலேயே கழற்றிவிடாதீர்கள். வெறுஞ்சுவரைப் பார்த்ததும் ‘பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது’ என்று குழந்தைகள் முடிவுகட்டிவிடுவார்கள்.

உங்களிடம் இருப்பது 12 நாள், உயிரெழுத்தும் 12. ஒரு நாளுக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். ‘இன்னும் 9 நாள், இன்னும் 8 நாள்’ என்று கரும்பலகையில் எழுதுவதைவிட இது நல்லது. விடுமுறையை எண்ணி மகிழாத குழந்தைகளும் வகுப்பில் இருப்பார்கள்: வீட்டில் தனியாக இருக்கப்போகிறவர்கள், பள்ளி மாறப்போகிறவர்கள், பள்ளியில்தான் நிம்மதி என்றிருப்பவர்கள். குறைந்துகொண்டே வரும் எண் அவர்களைத் தினமும் குத்தும். எழுத்து அப்படிச் செய்யாது. இன்றைக்கு என்ன விசேஷம் என்று மட்டும் சொல்லும். ஒவ்வொரு எழுத்தையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். காலையில் ஒரு குழந்தை பிரிக்கட்டும். பலூனுக்குள் சீட்டுப் போட்டு உடைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஊதாத பலூனும் உடைந்த துண்டும் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கலாம்.

அ – அஞ்சல் நாள். அடுத்த ஆண்டு இதே வகுப்புக்கு வரப்போகிற குழந்தைக்கு ஆளுக்கொரு கடிதம், எட்டு வரி. ஆ – ஆட்ட நாள். ஆண்டு முழுவதும் ஆடியவற்றில் எது என்று கைதூக்கி முடிவு செய்யட்டும். இ – இசை நாள். எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டைக் கடைசி நாளுக்காகப் பழக்குங்கள், புதுப் பாட்டுக்கு நேரமில்லை. ஈ – ஈரிருவர் நாள்: நால்வர் வீதம் எட்டுக் குழு, குழுவுக்குப் பத்துப் பழைய செய்தித்தாள், இருபது நிமிடம், பசையில்லாமல் உயரமான கோபுரம் கட்ட வேண்டும். உ – உரக்க வாசிக்கும் நாள். ஒவ்வொருவரும் முதல் வகுப்புக் குழந்தை ஒருவருக்குப் பத்து நிமிடம் கதை வாசித்துக் காட்டட்டும். தடுமாறி வாசிப்பவர்களுக்கு எந்தப் பக்கம் என்பதை முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள்; தன்னைவிடச் சின்னப் பிள்ளைக்கு முன்னால் தடுமாறுவது பெரிய அவமானமாகத் தோன்றும்.

ஊ – ஊகிக்கும் நாள். இதற்குக் குழந்தைப் பருவப் புகைப்படம் கொண்டுவரச் சொல்வது பலரும் செய்வது. படமே இல்லாத குழந்தையும், பெற்றோருடன் இல்லாத குழந்தையும் அங்கே மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று குறிப்பு எழுதித் தரட்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். எ – எழுத்து நாள், ஏ – ஏடு தைக்கும் நாள். இவை இரண்டையும் கீழே விரிவாகப் பார்ப்போம். ஐ – ஐந்து வரி நாள்: ‘இந்த ஆண்டு எனக்கு மறக்காதது’ என்று ஆளுக்கு ஐந்து வரி. ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச விட்டால் 32 பேருக்கு 160 நிமிடம் ஆகும், எட்டு வயதுப் பிள்ளைகள் அத்தனை நேரம் உட்கார மாட்டார்கள். ஒ – ஒழுங்கு நாள்: அலமாரி, வண்ணப் பென்சில், சார்ட் எல்லாவற்றையும் குழந்தைகளே ‘வீட்டுக்கு, வகுப்புக்கு, குப்பைக்கு’ என்று மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். ஓ – ஓவிய நாள், ஏட்டின் அட்டைக்குப் படம். ஔவுக்குச் சொல் தேடி அலைய வேண்டாம். அது கடைசி நாள். அன்றைக்கு அந்த எழுத்தின் வடிவத்திலேயே எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பன்னிரண்டில் உங்கள் உழைப்பு அதிகம் போக வேண்டிய இடம் நினைவேடு. குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோகிற ஒரே பொருள் அதுதான்.

ஓர் ஏட்டுக்கு நான்கு ஏ4 தாள், ஓர் அட்டைத் தாள். குறுக்கே பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் உள்ளே 16 பக்கம் கிடைக்கும். 32 பேருக்கு 128 தாளும் 32 அட்டையும் ஆகும். கெட்டுப்போவதற்கும் சேர்த்து 140 தாள், 35 அட்டை வாங்குங்கள். முதல் நாளே மடித்து, செருகி, கிளிப் போட்டு, கீழ் ஓரத்தில் பென்சிலால் 1 முதல் 16 வரை பக்க எண் போட்டுவிட வேண்டும். இதைச் செய்யாமல் தனித்தாள்களில் எழுத விடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதல் பக்கமும் பதினாறாம் பக்கமும் ஒரே தாளின் இரண்டு பாதிகள், இரண்டும் பதினைந்தும் அதன் முதுகுப்புறம். தனித்தாளில் எழுதினால் கோக்கும்போது பாதிக் கதை முன்னாலும் பாதி பின்னாலும் போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் படரும் பெரிய படம் வரைய வேண்டுமென்றால் நடுவிலுள்ள 8, 9ஆம் பக்கங்கள்தான் ஒரே தாளாக விரியும். வகுப்பறையின் வரைபடத்தை அங்கே வரையச் சொல்லுங்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதோடு.

எழுத்து நாளில் 2, 3ஆம் பக்கங்களை நிரப்பலாம். ஆண்டின் முதல் மாத நோட்டிலிருந்து ஒரு பத்தியை வெட்டி இடப்பக்கம் ஒட்டி, அதே வரிகளை வலப்பக்கம் இப்போது எழுதச் சொல்லுங்கள். தன் எழுத்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று குழந்தை தானே பார்ப்பதற்கு எந்தச் சான்றிதழும் ஈடாகாது. பழைய நோட்டு இல்லாதவர்களுக்கு ஆண்டின் முதல் தேர்வுத்தாளைப் பயன்படுத்தலாம். மதிப்பெண் இருக்கும் பகுதியை வெட்டி நீக்கிவிடுங்கள்.

தையலுக்கு மூன்று துளை: ஒன்று மடிப்பின் நடுவில், மற்ற இரண்டும் மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 4 சென்டிமீட்டர் தள்ளி. துளை போடுவது உங்கள் வேலை, தைப்பது குழந்தையின் வேலை. ஏட்டின் முதுகு 21 சென்டிமீட்டர். நூல் அதைப்போல் இரண்டரை மடங்கு, சுமார் 55 சென்டிமீட்டர் வேண்டும். தடித்த பருத்தி நூலும் முனை மழுங்கிய ஊசியும் போதும். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளை வழியாக உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே வந்து, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது இரண்டு நூல்முனையும் உள்ளே இருக்கும். நடுவே ஓடும் நீள நூலுக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்றாக வைத்து முடிச்சுப் போட வேண்டும். இரண்டு முனையும் ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு பிடிக்காது, ஏடு தளர்ந்துவிடும். தொடங்கும்போது உள்ளே விட்ட நூல்வாலை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் நூல் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும், ஆகவே இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் தைக்கட்டும்.

ஏட்டில் குழந்தை திரும்பத் திரும்பப் படிக்கப்போவது நண்பர்கள் எழுதிய வரிகளைத்தான். இதில் தவறினால் காயமும் அதிகம். தாளின் தலையில் பெயரை எழுதி வகுப்பைச் சுற்றி அனுப்பினால் மூன்று விபரீதம் நடக்கும். முதல் ஆள் ‘நீ நல்லவன்’ என்று எழுதினால் பின்னால் வரும் அத்தனை பேரும் அதையே எழுதுவார்கள். ஒருவர் கிண்டலாக எழுதினால் அதுவும் தொற்றும். நேரம் முடியும்போது சில தாள் நிரம்பியும் சில பாதியிலும் நிற்கும். எல்லாரும் எல்லாருக்கும் எழுதுவதென்றால் 992 வரி ஆகிறது. எழுதுவதற்குச் சிரமப்படும் குழந்தைக்கு 31 வரி என்பது தண்டனை.

ஆளுக்கு எட்டு வரி எழுதி, எட்டு வரி பெறட்டும். வருகை எண்ணை வைத்தே பங்கிடலாம். ஒவ்வொரு குழந்தையும் தன் எண்ணோடு 1, 5, 9, 13, 17, 21, 25, 29 ஆகியவற்றைக் கூட்டி, வருகிற எண்களுக்கு எழுத வேண்டும். கூட்டுத்தொகை 32ஐத் தாண்டினால் 32ஐக் கழித்துவிடுங்கள். 1ஆம் எண் 2, 6, 10, 14, 18, 22, 26, 30 ஆகியோருக்கு எழுதும். 30ஆம் எண் 31, 3, 7, 11, 15, 19, 23, 27 ஆகியோருக்கு எழுதும். யாருக்கும் எட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. வகுப்பில் நண்பரே இல்லாத குழந்தைக்கும் எட்டு வரி கிடைக்கும். அடுத்தடுத்த எண்களைக் கொடுக்காமல் இப்படித் தாண்டித் தாண்டிக் கொடுப்பதால், பட்டியலில் பக்கத்தில் இருப்பவர்களுக்குள்ளேயே எல்லாம் சுற்றிக்கொண்டிருக்காது.

ஏ4 தாளை நெடுக்கே பாதியாக்கி 2 சென்டிமீட்டர் உயரத் துண்டுகளாக வெட்டினால் ஒரு தாளில் 28 துண்டு வரும். மொத்தம் 256 துண்டு, பத்துத் தாள். ‘இ’ முதல் ‘ஊ’ வரை நான்கு நாள், நாளுக்கு இரண்டு துண்டு. அன்றன்றைக்கு வருகிற 64 துண்டையும் அன்றே படித்துவிடுங்கள், சேர்த்து வைத்தால் கவனம் தப்பிவிடும். உடம்பு, நிறம், உடை, மதிப்பெண் இந்த நான்கைப் பற்றி யாரும் எழுதக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘நீ நல்லவள்’ என்று வந்தால் திருப்பிக் கொடுத்து, “எப்போ அப்படித் தோணுச்சு? என்ன செஞ்சா?” என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு அதே குழந்தை, ‘நான் மைதானத்தில் விழுந்தபோது என் செருப்பை எடுத்து வந்தாய்’ என்று எழுதும். அதுதான் வேண்டும். எழுத வராதவர் உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொடுங்கள், கீழே கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்கட்டும். எட்டுத் துண்டும் சேர்ந்தால் 16 சென்டிமீட்டர், பாதி ஏ4 தாளில் அழகாக அடங்கும். அந்தத் தாள்களை உங்களிடமே வைத்திருந்து, ‘ஓ’ நாள் மாலையில் ஏட்டின் பின்னட்டை உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். முன்பே ஒட்டினால் தைக்கும்போதே படித்துவிடுவார்கள்.

விருதுக்கு வருவோம். சிலருக்கு மட்டும் கொடுப்பதானால் கொடுக்காமலே இருப்பது மேல். எல்லாருக்கும் கொடுங்கள், ஆனால் ‘வாயாடி விருது’, ‘தூங்குமூஞ்சி விருது’ என்று சிரிப்புக்காகப் பெயர் வைக்காதீர்கள். வகுப்பு சிரித்து மறந்துவிடும், அந்தக் குழந்தை மறக்காது. ‘அதிக முன்னேற்றம்’ என்பதும் இதற்கு முன் மோசமாக இருந்தாய் என்று சொல்வதுபோல்தான். நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு செயலைச் சொல்லுங்கள்: ‘தினமும் கேட்காமலே கரும்பலகை துடைத்ததற்காக.’ இன்றே ஒரு நோட்டில் 32 பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு செயலை எழுதிப்பாருங்கள். நாலைந்து பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் தோன்றாது. அமைதியாக இருந்து உங்கள் கண்ணிலிருந்து தப்பிய குழந்தைகள் அவர்கள்தான். அடுத்த இரண்டு நாள் அவர்களையே கவனியுங்கள். நீட்டும்போது, ஒரே மூச்சில் 32 பேரையும் கூப்பிட வேண்டாம். ‘எ’ முதல் ‘ஒ’ வரை நான்கு நாள், நாளுக்கு எட்டுப் பேர். கடைசி நாள் வராத குழந்தைக்கும் இதனால் விருது தப்பாது. பெயர் எழுத்தை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் விழாவுக்கு 90 நிமிடம் போதும். ஓட்டமும் ஆட்டமும் முதல் 40 நிமிடம், கைகழுவித் தண்ணீர் குடிக்க 10, வட்டமாக உட்கார்ந்து பாட்டும் ஏடும் 30, பை கட்ட 10. ஏட்டைக் கடைசி மணிக்குக் கொடுத்தால் படிக்க நேரமில்லாமல் பைக்குள் போய்விடும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் யாரும் விளையாட வரமாட்டார்கள். தின்பண்டம் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வாமை பற்றி வீடுகளில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் கொண்டுவர முடியாதவர் அன்றைக்கு வகுப்புக்கே வராமல் போகலாம்.

ஔ படத்துக்குத் தரையில் சாக்பீஸால் மூன்று மீட்டர் உயரத்தில் எழுத்தை வரையுங்கள். 40 சென்டிமீட்டருக்கு ஒருவராக ‘ஒ’வின் மேல் சுமார் 20 பேர், ‘ள’ வடிவத்தின் மேல் 12 பேர். வளைவுகளுக்கிடையே 60 சென்டிமீட்டராவது இடைவெளி இல்லாவிட்டால் மேலிருந்து பார்க்கும்போது எழுத்தே தெரியாது, வெறும் கூட்டமாக இருக்கும். மாடியிலிருந்து எடுப்பது நல்லது. படம் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக் குழந்தைக்கு, மேலிருந்து ‘தயார்’ என்று கைகாட்டும் பொறுப்பைக் கொடுங்கள்; ‘நீ தள்ளி நில்’ என்று சொல்லாதீர்கள்.

யாராவது அழுதால் அழட்டும். ‘அழாதே, ஜாலியா லீவுக்குப் போ’ என்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஏட்டில் அவருக்கு வந்த வரிகளில் ஒன்றைச் சேர்ந்து வாசிப்பது உதவும். பள்ளி மாறிப் போகிற குழந்தையிடம் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள், எல்லாருக்கும் சொல்லலாமா, வேண்டாமா என்று. சிலர் அமைதியாகப் போகவே விரும்புவார்கள்.

அஞ்சல் நாள் கடிதங்களைப் படித்து, ‘அந்தப் பாடம் ரொம்பக் கஷ்டம், அடி விழும்’ என்பதுபோல் பயமுறுத்தும் வரி இருந்தால் எழுதியவரிடமே பேசி மாற்றச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு இதே வகுப்பு உங்களுக்குக் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. ஆகவே 32 கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு, ‘முதல் நாள் காலையில் மேசைக்கு ஒன்றாக வைக்கவும்’ என்று மேலே எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.