குழந்தைகளோடு காடு, மலை, கண்மாய் என்று போனபோது விலங்கையோ பறவையையோ நேருக்கு நேர் பார்த்த அனுபவம் உண்டா? அதில் மறக்க முடியாதது எது?

உண்டு. மூன்று வயதுப் பையனை முதல்முறையாக மலைப்பக்கம் கூட்டிப்போகப் போகிறோம், எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இது பயத்தில் ஆரம்பித்த கதை.

2019இல் மகளுக்கு நான்கு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான், வீட்டுக்காரர், நாத்தனார் குடும்பம் எல்லாரும் அழகர்கோவில் கிளம்பினோம். மதுரைக்காரர்களுக்கு அது பெரிய பயணமே இல்லை, இருபது கிலோமீட்டர்தான், வருஷத்தில் மூன்று நான்கு தடவையாவது போய்விடுவோம். கீழே கள்ளழகரைக் கும்பிட்டு, தோசை வாங்கிக்கொண்டு, பழமுதிர்சோலை ஏறி, அப்படியே நூபுர கங்கை வரை போய்த் தீர்த்தம் பிடித்துக்கொண்டு இறங்குவது வழக்கம். அழகர்கோவில் தோசை சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தோல் உளுந்தும் மிளகும் நெய்யும் சேர்ந்து அந்தப் பொட்டலம் பத்தடி தூரத்துக்கு மணக்கும். நமக்கே மணக்கிறது என்றால் குரங்குக்குச் சொல்லவா வேண்டும்?

மலையேறுவதற்கு முன்னால் நானே ஒரு பொட்டலம் கடலை வாங்கி, பாப்பா கையில் கொஞ்சம் கொடுத்து, "குரங்குக்குப் போடு" என்று சொல்லி போட்டோ எடுத்தேன். சுவர் ஓரத்தில் ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாப்பா கடலையை வீச, அது பொறுக்கித் தின்றது. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. மேலே படிக்கட்டில் தோசைப் பையை நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்து அவள் வாங்கிக்கொண்டாள். எங்கிருந்தோ ஒரு பெரிய கடுவன் இறங்கி வந்து பையைப் பிடித்து இழுத்தது. பிள்ளை விடவில்லை, அதுவும் விடவில்லை. பூ விற்கிற அக்கா ஒருவர், "பையை விட்டுருத்தா, விட்டுரு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். பை கிழிந்து தோசை படியில் சிதறியது, குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது, பாப்பா முழங்கைக்குக் கீழே ஒரு நகக் கீறல். ஆழமில்லை, ஆனால் ரத்தம் கசிந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தேவைப்படக் கூடாது, இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும். குரங்கு கடித்தாலும் சரி, தோல் கிழிகிற மாதிரி பிராண்டினாலும் சரி, நாய்க்கடியைப் போலவே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். உடனே குழாயைத் திறந்து விட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எவ்வளவு நீளமான நேரம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட இருந்த ஒருவர் மஞ்சள் வைக்கச் சொன்னார், இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். எதையும் வைக்கக் கூடாது, கட்டும் போடக் கூடாது. அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனை. ஊசி இலவசம்தான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று கையில் தோலுக்குள் போட்டார்கள். நான்கு தடவையும் தவறாமல் போனோம். "கீறல்தானே" என்று இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கீறல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. பூனையைக் கண்டால் என் சேலைக்குள் ஒளிந்தாள். பள்ளிக்கூட மரத்தில் அணில் ஓடினால்கூட அழுகிறாள் என்று டீச்சர் சொன்னார். ஒருநாள் ராத்திரி படுக்கையில், "நான்தானேம்மா அதுக்குக் கடலை குடுத்தேன், அப்புறம் ஏம்மா என்னயப் புடுங்குச்சு?" என்று கேட்டாள். அது வேற குரங்கு என்று ஏதோ சொல்லித் தூங்க வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. யோசித்துப் பார்த்தால், கடலை கொடுத்ததால்தான் புடுங்கியது. மனிதர் கையில் பை இருந்தால் அதில் தீனி இருக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது குரங்கு இல்லை, வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு கைப்பிடி கற்றுக்கொடுத்திருக்கிறோம். அதில் ஒரு கைப்பிடி என்னுடையது, அதையும் என் பிள்ளை கையால் போட வைத்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஊரடங்கு வந்தது. மேலூர்ப் பக்கம் வீட்டுக்காரரின் ஊருக்குப் போய் ஐந்து மாதம் இருந்தோம். பாப்பாவை மாற்றியது அந்த ஐந்து மாதமும், என் மாமனாரும்தான்.

மாமா அதிகம் பேச மாட்டார். விடியற்காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய்விடுவார். ஒருநாள் இவளையும் கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன், இவள் பாதியில் அழுதால் தூக்கி வர வேண்டுமே என்று. கரையில் ஒரு பனைமரத்தடியில் நின்றுகொண்டு மாமா சொன்னார், "அதுகளுக்கு ஒண்ணும் குடுக்கவும் வேணாம், அதுககிட்ட ஒண்ணும் கேக்கவும் வேணாம்த்தா. சும்மா நில்லு." அவ்வளவுதான், அந்த மாதத்தின் பாடம் முழுக்க அதுதான்.

நின்றாள். தண்ணீரில் முக்குளிப்பான் ஒன்று, உள்ளங்கை அளவு இருக்கும், சடக்கென்று முங்கியது. எங்கே போச்சு தாத்தா என்றாள். எண்ணிப் பாரு, வரும் என்றார். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள், பதினாறோ பதினேழோ வரும்போது முங்கின இடத்தில் இல்லாமல் இருபதடி தள்ளி மேலே வந்தது. அன்றைக்குக் காலையில் அவள் எத்தனை தடவை எண்ணியிருப்பாள் என்று தெரியாது. ஐம்பது வரை தடங்கல் இல்லாமல் எண்ணக் கற்றுக்கொண்டது அந்தக் கரையில்தான் என்று நாங்கள் இன்றைக்கும் சொல்வோம். பிறகு தினமும் போனாள். நெற்றியில் வெள்ளை வைத்த நாமக்கோழி, சிறகை விரித்துக் காயப் போடுகிற நீர்க்காகம், கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி நீந்துகிற பாம்புத்தாரா. ஒருநாள் முக்குளிப்பான் தன் குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பத்தா முதுகில் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள்.

மறக்க முடியாதது எது என்று கேட்டீர்கள் இல்லையா, அது ஆடி மாதக் கடைசியில் நடந்தது. கரையை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிற ஒற்றையடிப் பாதை. முன்னால் மாமா, நடுவில் பாப்பா, கடைசியில் நான், எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். கருவேலம் புதர் ஒன்றில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒன்றாகச் சேர்ந்து காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தன. தவிட்டுக்குருவி எப்போதுமே கத்துகிற சாதிதான், நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்தேன். மாமா நின்றுவிட்டார். கையைப் பின்னால் நீட்டி எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினார். "இது வேற சத்தம்" என்று மட்டும் சொன்னார்.

குருவிகள் எல்லாம் வாலை விரித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தின. ஒரு நிமிடம் இருக்கும். புதரிலிருந்து தலை வெளியே வந்தது, அப்புறம் உடம்பு, அப்புறமும் உடம்பு, வந்துகொண்டே இருந்தது. ஏழடிக்குக் குறையாத பாம்பு, எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் பாதையைக் கடந்தது. அவசரமே இல்லை அதற்கு. குருவிகள் கிளை கிளையாகத் தாவி அதன் பின்னாலேயே கத்திக்கொண்டு போயின. எனக்குக் கால் நடுங்கியது. பாப்பா அழுவாள், ஓடுவாள் என்று அவள் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். முக்குளிப்பானுக்கு நிற்கிற மாதிரியே.

வால் வேலிக்குள் போனதும் மாமா, "சாரை. எலி தின்ன வந்துருக்கு, அது வழியில போகட்டும்" என்றார். சாரைக்கு விஷம் கிடையாது. ஆனால் அவர் அதற்கப்புறம் சொன்னதுதான் முக்கியம்: பார்த்த மாத்திரத்தில் சாரையா நல்லபாம்பா என்று பெரியவர்களே ஏமாந்துபோவார்கள், அதனால் எந்தப் பாம்பானாலும் நின்ற இடத்தில் நில், அது போகிற வரைக்கும் நகராதே, கம்பைத் தேடாதே. வழியில் எதிர்ப்பட்ட ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு, எந்தப் பக்கம் போச்சு, அடிச்சுப் போட்ருவோம் என்று கிளம்பினார். மாமா திசையைச் சொல்லவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி பாப்பா அவள் அப்பாவிடம் கதை சொன்னாள். பாம்பு எவ்வளவு நீளம் என்று அவர் கேட்டார், அவளுக்கு அதெல்லாம் பெரிதாகவே தெரியவில்லை. "குருவிதான்ப்பா எங்களுக்குச் சொல்லுச்சு" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நாங்கள் போன இடங்கள் எல்லாம் அவள் கேட்டுப் போனவை. மேலூர்ப் பக்கத்திலேயே இருக்கிற அரிட்டாபட்டிக்கு 2023 தொடக்கத்தில் போனோம். 2022 நவம்பரில்தான் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தார்கள், 193 எக்டேருக்குக் கொஞ்சம் மேலே. மலையடியில் குடைவரைச் சிவன் கோவில், கழிஞ்சமலையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து, சமணர் படுக்கை எல்லாம் நான் அவளுக்குக் காட்ட நினைத்தவை. அவள் அதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாறை உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அந்த மலைகளில் இருக்கின்றன. முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை, எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். அப்புறம் பாறை இடுக்கிலிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெடித்த மாதிரி கிளம்பின. "அம்மா, புறா சொல்லுது, ஏதோ வருது" என்றாள். மேலேயிருந்து ஒன்று கல் விழுகிற மாதிரி விழுந்து, புறாவைத் தவறவிட்டு, அந்த வேகத்திலேயே மலைக்குப் பின்னால் போய் மறைந்தது. எண்ணினால் நான்கு நொடி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "வல்லூறு பாப்பா" என்றார். மூன்றில் எது என்று எங்களால் சொல்ல முடியவில்லை, அந்த வேகத்தில் யாரால் முடியும்? அடுத்த வருஷக் கடைசியில் அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்தபோது, ஒன்பது வயதில் அவள் டிவி முன்னால் உட்கார்ந்து கேட்ட ஒரே கேள்வி, "அப்ப அந்தப் புறாவெல்லாம்?" 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அன்றைக்கு மாமா மேலூரிலிருந்து போன் செய்து முதலில் இவளைத்தான் கூப்பிடச் சொன்னார்.

கொள்ளுக்குடிப்பட்டியும் போயிருக்கிறோம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் போகிற வழியில் இருக்கிற வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அதுதான், 1977இலிருந்து இருக்கிறது. கண்மாய்க்குள் நிற்கிற மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு வைத்திருக்கும். பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குழந்தைகளோடு போக நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், மழை பொய்த்த வருஷம் மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள். உங்கள் பையனுக்கு முதல் இடமாக நான் இதைத்தான் சொல்வேன். ஏற வேண்டியதில்லை, கரையில் நின்றாலே போதும், மூன்று வயதுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிய பறவைகள்.

அழகர்கோவில்தான் போகிறீர்கள் என்றால், பை, கவர், பாட்டில் எதையும் பையன் கையில் கொடுக்காதீர்கள், தோசையை இறங்கின பிறகு வாங்குங்கள். குரங்கின் கண்ணை நேராக உற்றுப்பார்க்க வேண்டாம், அதற்கு அது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. கிட்டே வந்தால் ஓடாமல் இரண்டு கையையும் விரித்து வெறுங்கை என்று காட்டுங்கள். பிடுங்கினால் விட்டுவிடச் சொல்லிக் கொடுங்கள். கடலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது சின்னவனுக்கு நான்கு முடிந்துவிட்டது. போன மாதம் பழமுதிர்சோலைப் படியில் அவன் குரங்கைப் பார்த்துவிட்டு, "அக்கா, கடலை குடுப்போமா?" என்றான். அவள் "வேணாம்" என்று சொல்லி, அவன் இரண்டு கையையும் பிடித்து விரித்துக் குரங்குக்குக் காட்டினாள். அது ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அந்தப் படி முழுக்க அவள் என் சேலை முந்தானையை விடவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. நூபுர கங்கை வரை அப்படியே ஏறினோம்.