மெழுகு கைக்கு வர வேண்டும்

அன்புள்ள ஐயா,

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் வீணையும் தம்புராவும் செய்கிறோம். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து நாலு வருஷம் வெளியூரில் வேலை பார்த்தேன். இப்போது அப்பாவுக்கு உளி பிடிக்கிற கை நடுங்குகிறது. ஊருக்குத் திரும்பினால் இந்தத் தொழிலில் பிழைக்க முடியுமா? நல்ல பலாத்தடி கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, அயனி மரத்தில் செய்யலாமா? இன்னொன்று, தந்தியை அழுத்தி வாசிக்கிற 24 பித்தளை மெட்டுக்கும் கணக்குப் போட்டு அலுமினியத்தில் ஒரு அளவுச்சட்டம் வெட்டியிருக்கிறேன். டியூனரில் எல்லா மெட்டும் சரியாகக் காட்டுகிறது. மெழுகுக்குப் பதில் எபாக்ஸிப் பசையில் மெட்டை ஒட்டிவிட்டால், மறுபடி மறுபடி மெழுகை இளக்கி மெட்டுகளைச் சுருதிக்கு நிறுத்துகிற 'மேளம் கட்டும்' வேலையே இல்லை. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பழைய ஆள், எல்லாம் காதளவுதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., தக்கலை

அன்புள்ள தம்பி,

'பழைய ஆள், எல்லாம் காதளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இதேதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வீணை செய்கிற வீடுகளில் உளி மகன் கைக்கு வந்துவிடுகிறது. மெழுகு வருவதில்லை.

தடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அயனி வீட்டுக்கும் வள்ளத்துக்கும் நல்ல தடி. வீணைக்குப் பலாதான், அதுவும் வைரம் பாய்ந்த பலா. வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிடுங்கள், பூச்சி அங்கேதான் விழும். இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. வீணையின் வயிறான குடத்தை ஒரே மூச்சில் முழுக்கக் குடைந்துவிடாதீர்கள். கனமாக விட்டுக் குடைந்து, நிழலில் போட்டு, இரண்டு மழையும் கண்ட பிறகு கடைசி கனத்துக்கு இறக்குங்கள். வெட்டுமுகத்தில் மெழுகு பூசாமல் விட்டால் அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும்.

இனி உங்கள் அளவுச்சட்டம். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் கணக்குப்படி, தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்து முதல் மெட்டு, மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்து அடுத்தது என்று போயிருப்பீர்கள். தந்தி தொடங்குகிற மேருவிலிருந்து, குடத்தின் மேல் அதைத் தாங்குகிற குதிரை வரை 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் முதல் மெட்டு 4.49-இல் வரும், பன்னிரண்டாவது சரியாக 40-இல் வரும். ஐந்தாவது மெட்டின் மத்திமமும் ஏழாவது மெட்டின் பஞ்சமமும் சுத்த சுருதியிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட விலகாது. அதனால்தான் சட்டம் சரி என்று தோன்றுகிறது. நாலாவது மெட்டைப் பாருங்கள். உங்கள் கணக்கில் அந்தர காந்தாரம், அதாவது பெரிய 'க', 16.5-இல் விழும். தம்புராவின் மந்தரத் தந்தியைச் சுண்டினால் தானாகக் கேட்கிறதே, அந்தக் காந்தாரத்துக்கு மெட்டு 16-இல் நிற்க வேண்டும். அரை செ.மீ. தம்பி! தம்புராவோடு உட்கார்ந்து வாசிக்கிறவர் காதில் அது முள்ளாகக் குத்தும். டியூனர் குத்தவில்லை என்கிறது. எப்படிக் குத்தும்? அதற்குள் இருப்பதும் உங்கள் சட்டத்தில் இருப்பதும் ஒரே கணக்கு.

அதோடு முடியவில்லை. தந்தியை மெட்டில் அழுத்தும்போது அது இழுபடுகிறது, சுருதி ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது தந்தி மெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது. மெல்லிய முதல் தந்தியான சாரணிக்குச் சரியாக வரும் இடம் தடித்த நாலாவது தந்தியான அனுமந்தரத்துக்குச் சரியாக வராது. அதனால் பன்னிரண்டாவது மெட்டே 40-க்கு ஒரு இம்மி முன்னால், மேரு பக்கமாக உட்கார வேண்டியிருக்கும். அந்த இம்மி ஒவ்வொரு வீணைக்கும் வேறு. அதை அலுமினியத்தில் வெட்டி வைக்க முடியாது. உங்கள் அப்பா காதால் செய்வது இந்தக் கணக்கைத்தான், வாசிக்கிற நாலு தந்திக்கும் சேர்த்து, ஒரே நேரத்தில். அதற்குப் பெயர் பழைய ஆளா?

எபாக்ஸியை நினைத்தால்தான் கோபம் வருகிறது. தாளத் தந்தி மூன்றையும் சேர்த்து ஏழு தந்தியும் இழுக்கிற இழுப்பில், தனித்தனியாகச் செய்து ஒட்டிய ஒட்டு வீணையில் குடமும், மெட்டுகள் நிற்கிற கழுத்தான தண்டியும் சேருமிடம் நாளாவட்டத்தில் நூலிழை எழும்பும். மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். சாரணி உரசி உரசிப் பித்தளை மெட்டில் பள்ளம் விழும். அரத்தால் ராவிச் சமன் செய்தால் மெட்டு தாழும். ஒரு மெட்டு தாழ்ந்தால், குதிரைப் பக்கம் அதற்கு அடுத்தது தந்தியில் முட்டும், நாதம் கரகரக்கும். மெழுகாக இருந்தால் சூட்டுக்கோலைக் காட்டி மெட்டைத் தூக்கலாம், நகர்த்தலாம், மாற்றலாம். எபாக்ஸியாக இருந்தால் உளி வைத்துத் தண்டியைத்தான் பெயர்க்க வேண்டும். வாங்கியவர் திரும்பி வர வேண்டாம் என்கிறீர்கள். வரட்டுமே! பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். புது வீணை எப்போதாவதுதான் விற்கும். மேளம் கட்டுவது வாசிக்கிற எல்லா வீணைக்கும் உண்டு, அதுதான் கையில் நிற்கிற கூலி. அதை நீங்களே பசை போட்டு அடைக்கப் பார்க்கிறீர்கள்.

மெழுகுக்கு அலைய வேண்டாம், மார்த்தாண்டம் பக்கத்திலேயே இருக்கிறது. தேன் எடுத்த அடையின் மெழுகாகக் கேட்டு வாங்குங்கள். தேன் வாசம் இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் பாரஃபின் கலந்தது, வேண்டாம். நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சலித்த குங்கிலியப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறி, கடைசியில் விளக்குக்கரி சேருங்கள். குங்கிலியம் கூடினால் மெழுகு பொரிந்து வெடிக்கும், குறைந்தால் சித்திரை வெயிலில் மெட்டு சாயும். ஒரு துளியைப் பலகையில் ஊற்றி ஆறவிட்டு, பென்சில் கனத்துக்கு உருட்டி வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து, பிறகு 'டப்' என்று ஒடிய வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் நகத்தில் ஒட்டக் கூடாது. வளைந்துகொண்டே போனால் குங்கிலியம் போதாது.

பிறகு தம்புராவுக்குச் சுருதி சேர்த்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். முதலில் பன்னிரண்டாவது மெட்டு, அடுத்து ஏழு, ஐந்து, அதன் பிறகு நாலு. இரண்டாவது தந்தியான பஞ்சமத் தந்தியின் ஐந்தாவது மெட்டும் திறந்த சாரணியும் ஒரே ஸட்ஜமாகச் சேர வேண்டும். மூன்றாவது தந்தியான மந்தரத்தின் ஏழாவது மெட்டு திறந்த பஞ்சமத்தோடு சேர வேண்டும். சேராத இடத்தில் அவர் எந்த மெட்டைத் தொடுகிறார், எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்று மட்டும் பாருங்கள். கை நடுங்கினால் என்ன மக்களே, காது நடுங்கவில்லையே. அவர் சொல்லட்டும், நீங்கள் தள்ளுங்கள். உங்கள் அலுமினியச் சட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம், மெழுகு ஊற்றும் முன் மெட்டுகளைத் தோராயமாகப் பரப்பி வைக்க உதவும்.

முதல் வீணைக்கு மேளம் கட்டியதும், நாலாவது மெட்டு மேருவிலிருந்து எத்தனை செ.மீ.யில் நின்றது என்று அளந்து எனக்கு எழுதுங்கள். தந்தியின் முழு நீளத்தையும் சேர்த்து எழுத மறக்காதீர்கள்.

அன்புடன்.