கேங்ரீன் வந்தால் காலை எடுத்தே ஆக வேண்டுமா, உயிருக்கு ஆபத்தா?

ரத்தம் போகாத இடத்தில் சதை செத்துப்போவதுதான் கேங்ரீன். சர்க்கரையும் சிகரெட்டும் ரத்தக் குழாயை அடைக்க, கால்விரல் நுனி கறுத்து, தொட்டால் சில்லென்று இருக்கும். காசிமேட்டில் பார்த்திருப்பீர்கள், கருவாடு காய்ந்தபடி கிடக்கும், ஆனால் ஐஸ் இல்லாத ஒரு மீன் கூடையையே கெடுத்துவிடும். உலர்ந்த கேங்ரீன் கருவாடு மாதிரி, மெதுவாகத்தான் நகரும். ஈரமாகி, சீழும் நாற்றமும் வந்துவிட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து சில நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கும். ராத்திரி 2 மணியானாலும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். செத்த சதை மீளாது, ஆனால் சீக்கிரமே அடைப்பை நீக்கி ரத்தம் பாயவிட்டால் பல பேருக்கு மிச்சக் கால் தப்பும், இழப்பு விரலோடு நின்றுவிடும்.

அப்புறம், "விரலை வெட்டினால் புண் மேலே ஏறும்" என்பார்கள். ஏறுவது வெட்டியதால் அல்ல, ரத்தம் எட்டாததாலும் தாமதத்தாலும்தான்.